ஒரே ஒரு வீரரைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பிலிப்பைன்ஸ் கூடைப்பந்தைப் பின்தொடரும் வழி

செபு நகரத்தில் மருத்துவம் படித்தபோது நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் கீழ்த்தளத்தில் ஒரு பழைய டிவி இருந்தது. அதன் பக்கத்தில் எப்போதும் ஒரு கோடு போட்ட நோட்டும், ரப்பர் பேண்டில் சொருகிய பென்சிலும் கிடக்கும். விடுதியை நடத்திய ஆத்தேயின் நோட்டு அது. ஆத்தே என்றால் அங்கே அக்கா. பிபிஏ, அதாவது பிலிப்பைன்ஸின் தொழில்முறை கூடைப்பந்து லீக், ஆட்டம் ஆரம்பித்ததும் சோற்றுத் தட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு நோட்டைப் பிரிப்பார். கோர்ட்டில் பத்துப் பேர் ஓடினாலும் ஆத்தேயின் நோட்டில் ஒருவர்தான் இருந்தார்: ஜூன் மார் ஃபஹார்டோ.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் நான் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டேன். பிலிப்பைன்ஸ் கூடைப்பந்து பார்க்க ஆசை, எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதும் அதே வழிதான். லீக் முழுவதையும் ஒரேயடியாகப் புரிந்துகொள்ளப் பார்க்காதீர்கள். ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்து, அவர் கல்லூரியில் ஆடிய காலத்திலிருந்து இன்றுவரை கூடவே நடந்து பாருங்கள். லீக் தானாகப் புரிந்துவிடும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

குறைந்தது பத்து வருஷம் ஆடியவராக இருக்கட்டும். பெரிய காயம் ஒன்றிலிருந்து மீண்டு வந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. ஏறுமுகத்தை மட்டும் பார்த்தால் ஒரு வீரரின் வாழ்க்கை பிடிபடாது.

நான் ஃபஹார்டோவைச் சொல்வேன். 1989இல் பிறந்தவர், 6 அடி 10 அங்குலம், சொந்த ஊர் செபு தீவின் மேற்குக் கரையில் உள்ள பினமுங்காஹன். சமூக மருத்துவப் பயிற்சிக்காக அந்தக் கரைப் பக்கம் நாங்கள் போயிருக்கிறோம். ஊருக்கு ஊர் ஒரு தேவாலயம், அதன் பக்கத்தில் ஒரு கூடைப்பந்து மைதானம். மைதானம் இல்லாத இடத்தில் தென்னை மரத்தில் பலகை அடித்து, அதில் இரும்பு வளையம் மாட்டியிருப்பார்கள். பையன்கள் ரப்பர் செருப்போடு ஆடுவார்கள். எம்பிக் குதிக்கும்போது செருப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போவார்கள். திரும்ப மாட்டிக்கொள்ள யாரும் நிற்பதில்லை.

அங்கே வளர்ந்த ஒருவர் மணிலாவுக்குப் போய்ச் சேர்வது சுலபம் இல்லை. கல்லூரிக் கூடைப்பந்தின் புகழ் முழுவதும் தலைநகரத்தில்தான். 1924இல் தொடங்கிய என்சிஏஏ, 1938இல் தொடங்கிய யுஏஏபி ஆகிய இரண்டு போட்டிகளுக்கும்தான் டிவியும் கூட்டமும். ஃபஹார்டோ ஆடியது செபு பல்கலைக்கழகத்துக்காக, செபுவின் சொந்தக் கல்லூரிப் போட்டியில். அதனால்தான் ஆத்தேக்கு அவர் மேல் அத்தனை பாசம். பேட்டிகளில் ஃபஹார்டோ மணிலாக்காரர்களின் தகாலோக் மொழியில் தயங்கித் தயங்கிப் பேசும்போது, "நம்ம ஊர்ப் பிள்ளை, வாய் வரவில்லை, கை வரும்" என்பார்.

2012 டிராஃப்டில், அதாவது அணிகள் புதுமுகங்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நாளில், முதல் ஆளாகத் தேர்வானவர் ஃபஹார்டோ. ஆனால் அந்த சீசனின் சிறந்த புதுமுகம் விருது, அதே டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வான கால்வின் அபுவேவாவுக்குப் போனது. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உயரமான வீரர்கள் மெதுவாகத்தான் பழுப்பார்கள். முதல் வருஷத்தைப் பார்த்துவிட்டு யாரையும் தள்ளிவிடக் கூடாது.

அணிப் பெயரும் ஆண்டுக் கணக்கும்

புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் திணறுவது இங்கேதான். பிபிஏ 1975இல் தொடங்கியது. ஆசியாவின் முதல் தொழில்முறை கூடைப்பந்து லீக் அது. அதில் ஊர் அணிகள் கிடையாது, எல்லாம் நிறுவன அணிகள். சான் மிகேல் என்றால் பீர், மெரால்கோ என்றால் மணிலாவுக்கு மின்சாரம் தரும் கம்பெனி, ரெயின் ஆர் ஷைன் என்றால் பெயின்ட், என்எல்இஎக்ஸ் என்றால் வடக்கே போகும் விரைவுச்சாலை. விற்க வேண்டிய சரக்கு மாறினால் அணியின் பெயரும் மாறிவிடும். ஃபஹார்டோவைத் தேர்ந்தெடுத்தபோது அணியின் பெயர் பெட்ரான் பிளேஸ் பூஸ்டர்ஸ். 2014இலிருந்து அதே அணி சான் மிகேல் பீர்மென். பழைய பட்டியல்களைப் பார்த்து, இவர் அணி மாறிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். தொடக்கத்திலிருந்து ஒரே வீடுதான்.

இன்னொன்று: சான் மிகேல், பாரங்காய் ஜினேப்ரா, மக்னோலியா மூன்றும் ஒரே முதலாளியின் அணிகள். டிஎன்டி, மெரால்கோ, என்எல்இஎக்ஸ் மூன்றும் இன்னொரு குழுமத்தின் கையில். ஒரு வீரர் அணி மாறினால், எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறார் என்று பாருங்கள். செய்தியில் பாதி விளங்கிவிடும்.

வழக்கமான ஒரு சீசனில் மூன்று கோப்பைகள். பிலிப்பைன் கோப்பையில் வெளிநாட்டு வீரர்கள் கிடையாது. கமிஷனர்ஸ் கோப்பையிலும் கவர்னர்ஸ் கோப்பையிலும் அணிக்கு ஒரு வெளிநாட்டு வீரர் உண்டு. அவரை அங்கே இம்போர்ட் என்பார்கள். கமிஷனர்ஸ் கோப்பைக்கு ரொம்ப உயரமான இம்போர்ட்களைக் கொண்டுவரலாம், கவர்னர்ஸ் கோப்பையில் உயர வரம்பு குறைவு. ஒரு பிலிப்பைன்ஸ் வீரரை எடைபோட பிலிப்பைன் கோப்பைதான் சரியான தராசு என்பது என் முடிவு. மற்ற இரண்டில் பந்து பெரும்பாலும் இம்போர்ட் கையில் இருக்கும். சான் மிகேல் 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து பிலிப்பைன் கோப்பைகளை வென்றது. ஃபஹார்டோவின் ஆட்டத்துக்கு ஈடுகொடுக்க உள்ளூரில் ஆள் இல்லாத காலம் அது.

பின்தங்கிய அணியை இம்போர்ட் ஒருவர் தூக்கி நிறுத்தும் ஆட்டங்கள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உங்கள் வீரரை நீங்கள் அறிந்துகொள்ள அவை அவ்வளவாக உதவாது.

பந்தைப் பார்க்காத ஐந்து நிமிடம்

இந்த வழிமுறையில் இதைத்தான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். ஆத்தே எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமும் இதுதான். ஒவ்வொரு கால்பாகமும் 12 நிமிடம். அதில் ஐந்து நிமிடத்துக்குப் பந்தை மறந்துவிட்டு உங்கள் வீரரை மட்டும் பாருங்கள். பந்து எங்கே போனாலும் கண்ணை எடுக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று ஆட்டங்களில் கண் தானாக ஓடும், பிடித்து இழுத்து வையுங்கள்.

ஃபஹார்டோவை அப்படிப் பார்த்தால் என்ன தெரியும்? சக வீரர்கள் பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே இவர் மறுபக்க வளையத்தின் அருகே போய்விடுவார். வேகமாக ஓடுவதில்லை, நேர்கோட்டில் ஓடுவார். வளையத்துக்குப் பக்கவாட்டில், பெயின்ட் எனப்படும் வளையத்தடிக் கட்டத்தின் ஓரத்தில், முழங்காலை மடக்கி, தன்னைக் காக்கும் எதிரணி ஆளின் தொடைமேல் உட்காருவதுபோல இடுப்பை வைப்பார். அந்த ஆள் முதுகில் கை வைத்துத் தள்ளுவார், முட்டியால் நெம்புவார். இவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஒரு கையைப் பின்னால் வைத்து அவரைத் தடுத்துக்கொண்டே மற்றக் கையை விரித்து உயர்த்துவார். அந்த விரித்த கைக்குத்தான் பந்து வரும்.

பந்து வந்த பிறகு ஒரு கணம் காத்திருப்பார். இரண்டாவது ஆள் ஓடி வருகிறாரா என்று பார்க்கத்தான். வந்தால், அந்த ஆள் விட்டுவிட்டு வந்த இடத்தில் நிற்கும் சக வீரருக்குப் பந்தை எறிந்துவிடுவார். வராவிட்டால் பந்தைத் தரையில் ஒரு தட்டு, ஒரு தோள் அசைவு, உள்ளே திரும்பி வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து எறியும் சின்ன ஹூக் ஷாட். பெரிய குதி எதுவும் இல்லை. பாதம் தரையை விட்டுக் கொஞ்சம்தான் எழும்பும்.

நான் செய்த தவறு, ஆரம்பத்தில் புள்ளிக் கணக்கை மட்டுமே பார்த்தது. ஒரு நாள் ஃபஹார்டோ பத்துப் புள்ளிதான் எடுத்தார். இன்று சரியாக ஆடவில்லை என்றேன். ஆத்தே நோட்டைத் திருப்பிக் காட்டினார். அவர் மேல் இரண்டாவது ஆள் பாய்ந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். ஐந்தைந்தாகக் குறுக்கே அடித்து, பால்கணக்கு எழுதுவதுபோல. பக்கம் நிறைந்திருந்தது. அன்றைக்கு சான் மிகேல் போட்ட த்ரீ பாயின்டர்கள் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து மூன்று புள்ளி வாங்குபவை) பாதியும் அந்தக் கோடுகளிலிருந்து வந்தவைதான்.

உங்கள் வீரர் குள்ளமான கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து வெளியே நின்று ஆடுபவர், என்றால் பார்க்க வேண்டியது வேறு. டிஎன்டியில் ஆடிய ஜிம்மி அலபாக்கின் உயரம் 5 அடி 9 அங்குலம். பந்து இல்லாதபோது தடுப்பு ஆட்களை எப்படிச் சுற்றி வெளியே வந்தார் என்று பார்க்க வேண்டும். 2013இல் மணிலாவில் ஆசிய சாம்பியன்ஷிப் அரையிறுதியில் பிலிப்பைன்ஸ் தென் கொரியாவை 86-79 என்று வென்ற ஆட்டத்தில், கடைசி நிமிடங்களில் அவர் போட்ட த்ரீ பாயின்டர்களைத் தேடிப் பாருங்கள். எறிவதற்கு முந்தைய இரண்டு எட்டுகளில்தான் வித்தை இருக்கிறது.

நோட்டில் என்ன எழுதுவது

செல்போனில் வேண்டாம், காகிதத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி போதும். எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை ரீபவுண்ட் (உள்ளே போகாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது), எத்தனை ஃப்ரீ த்ரோ (எதிரணி செய்த ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத எறி) எறியக் கிடைத்தது, எதிரணியில் அவரைக் காத்தது யார். கடைசியில் குறிப்புக்கு ஒரு இடம். புள்ளிகள் எல்லா இடத்திலும் கிடைக்கும், தனியாக எழுத வேண்டாம்.

ஃப்ரீ த்ரோ எதற்கு என்று கேட்பீர்கள். ஃபவுல் வாங்குபவர் வளையத்தின் அருகே முட்டி மோதிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். உயரமான வீரருக்கு அந்த எண்ணிக்கை மாதக்கணக்கில் இறங்கினால், உடம்பு வலிக்கிறது, வெளியே நின்று எறிகிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன். வயதாவதும் முதலில் அங்கேதான் தெரியும்.

நம் ஊரில் பார்ப்பது சுலபம். மணிலா நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அங்கே இரவு ஏழரை என்றால் இங்கே மாலை ஐந்து. ஆட்டம் முடிந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குள் நோட்டை மூடிவிடலாம்.

நேரில் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் கெசான் நகரத்தின் குபாவோ பகுதியில் உள்ள அரனேட்டா கொலீசியத்துக்குப் போங்கள். 1975இல் குத்துச்சண்டையில் அலியும் ஃபிரேசியரும் மோதிய அதே அரங்கம். பிபிஏவின் முதல் ஆட்டமும் அந்த வருஷம் அங்கேதான் நடந்தது. இரண்டு ரயில் பாதைகள் குபாவோவில் சந்திக்கின்றன, வண்டி பிடிக்கும் கவலை இல்லை. விலை குறைந்த மேல் வரிசையிலேயே உட்காருங்கள். அங்கிருந்துதான் பத்துப் பேரின் நகர்வும் ஒரே பார்வையில் தெரியும், அங்கேதான் ஜினேப்ரா ரசிகர்களும் இருப்பார்கள். ராபர்ட் ஜவோர்ஸ்கி 1985இல் வீரரும் கோச்சுமாக ஜினேப்ராவை ஏற்றபோது பிறந்த 'நெவர் சே டை' முழக்கம் இன்றும் அவர்கள் தொண்டையில் இருக்கிறது. ஐம்பது வயதைத் தொட்ட பிறகும் ஆடி, 1998இல் நாட்டின் செனட்டுக்கே தேர்வானவர் ஜவோர்ஸ்கி. பழைய காலத்து வீரர் ஒருவரைப் பின்தொடர ஆசைப்பட்டால் அவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

காயச் செய்தியைப் படிப்பது

மருத்துவராக நான் கொஞ்சம் நின்று பேச விரும்பும் இடம் இது. காயத்தில் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். எலும்பா, தசைநாரா? எடை தாங்கும் இடமா? திரும்பி வந்த முதல் பத்து ஆட்டங்களில் எத்தனை நிமிடம் ஆடினார்?

2016 பிலிப்பைன் கோப்பையை எடுத்துக்கொள்வோம். அரையிறுதியில் ஃபஹார்டோவுக்கு இடது முழங்காலில் அடி. இறுதிச் சுற்று ஏழு ஆட்டம், அலாஸ்கா அணிக்கு எதிராக. ஃபஹார்டோ இல்லாமல் சான் மிகேல் முதல் மூன்றையும் தோற்றது. பிபிஏ வரலாற்றில் அதுவரை 0-3இலிருந்து யாரும் மீண்டதில்லை. நான்காவதை அவர் இல்லாமலே வென்றார்கள். ஐந்தாவதில் ஃபஹார்டோ வந்தார்.

மறுநாள் எனக்கு மருந்தியல் தேர்வு. புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஆத்தே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. ஃபஹார்டோ குதித்து இறங்கும்போதெல்லாம் இரண்டு காலிலும் சமமாக இறங்குகிறாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காலில்தான் எடையைப் போட்டார். ஆத்தேயிடம் சொன்னேன். குறிப்பில் எழுதிக்கொண்டார். சான் மிகேல் அந்த ஆட்டத்தையும் அடுத்த இரண்டையும் வென்று 4-3 என்று கோப்பையை எடுத்தது. பீரையும் மிராக்கிளையும் சேர்த்து, ரசிகர்கள் அதற்கு பீராக்கிள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முழங்கால் அடி வாரங்களில் ஆறியது. 2020 பிப்ரவரியில் பயிற்சியின்போது வலது காலின் டிபியா முறிந்தது வேறு கதை. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உடம்பின் பாரத்தைச் சுமக்கும் பெரிய எலும்பு அது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அது கூடி, தசை பழைய பலத்துக்கு வர ஒரு வருஷம் ஆகலாம். நான் அப்போது ஊர் திரும்பிவிட்டேன். செய்தி வந்த இரவு ஆத்தே போனில் கேட்டது ஒன்றுதான்: "டாக்டர், எலும்பு கூடுமா?" கூடும் ஆத்தே, ஆனால் குதிக்கத் தைரியம் வர நாளாகும் என்றேன்.

2020 சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. 2014 முதல் 2019 வரை ஆறு சீசன் தொடர்ந்து எம்விபி, அதாவது சீசனின் சிறந்த வீரர் விருது, வாங்கியவர் அவர். அதற்கு முன் ரமோன் ஃபெர்னாண்டஸும் ஆல்வின் பட்ரிமோனியோவும் வாங்கிய நான்குதான் அதிகபட்சம். அப்படிப்பட்டவர் ஒரு வருஷம் நாற்காலியில். 2021இல் திரும்பி வந்தபோது எம்விபி ஜினேப்ராவின் ஸ்காட்டி தாம்சனுக்குப் போனது. ஆத்தேயின் நோட்டில் அந்த வருஷப் பக்கங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. நிமிடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதையும், ஃப்ரீ த்ரோ எண்ணிக்கை மெல்ல மேலே வருவதையும் பார்க்கலாம். 2022இல் பிலிப்பைன் கோப்பையும், இறுதிச் சுற்றின் எம்விபியும் வந்தன. பிறகு 2022-23 சீசனில் ஏழாவது எம்விபி, 2023-24இல் எட்டாவது, 34 வயதில். ஆரம்பத்திலிருந்தே குதியை நம்பாமல் காலடியை நம்பி ஆடியதால்தான் அந்த வயதிலும் முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாக் காயமும் எலும்பில் வருவதில்லை. ஜினேப்ராவில் ஆடிவந்த எல்ஏ டெனோரியோ தொடர்ந்து 744 ஆட்டங்கள் ஆடியவர். 2023 மார்ச்சில் தனக்குப் பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் கட்டம் என்று அறிவித்தார். சிகிச்சை முடித்துத் திரும்ப வந்து ஆடினார். அவருடைய வரிசையை நோட்டில் எழுதுபவர்கள், ஆட்டம் இல்லாத அந்த மாதங்களுக்கும் காலி வரிகளை விட்டுவையுங்கள். தாண்டி எழுதிவிடாதீர்கள்.

தேசிய அணிக்குத் தனிப் பக்கம்

கிலாஸ் என்பது தேசிய அணியின் பெயர். லீக் கணக்கோடு இதைக் கலக்காதீர்கள். லீக்கில் மலைபோல் நிற்கும் ஃபஹார்டோ, உலக அரங்கில் தன்னைவிட உயரமானவர்களுக்கு நடுவே குறைந்த நிமிடங்களே ஆடுவார். அதற்காக அந்தப் பக்கத்தை மெலிதாக எண்ண வேண்டாம். 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் பிலிப்பைன்ஸ் இறுதியில் ஜோர்டானை 70-60 என்று வென்று தங்கம் வாங்கியது. 1962க்குப் பிறகு முதல் முறை. டிம் கோன் பயிற்சியளித்த அந்த அணியில் ஃபஹார்டோவும் இருந்தார்.

தோல்வியையும் எழுதுங்கள்

2024 ஜூன் 16. பிலிப்பைன் கோப்பை இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம், அரனேட்டா கொலீசியம், மெரால்கோவுக்கு எதிராக. மெரால்கோ அதுவரை ஒரு கோப்பைகூட வென்றதில்லை. சான் மிகேல் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து சுற்றி வந்து ஃபஹார்டோவிடம் சேர்ந்தது, த்ரீ பாயின்ட் கோட்டுக்கு வெளியே. பன்னிரண்டு வருஷமாக வளையத்தின் அடியில் நின்றவர் அங்கிருந்து எறிந்தார். உள்ளே போனது. 78-78, மீதி 3.3 நொடி.

நான் வீட்டில் நின்றுகொண்டே கத்தினேன். மறுபக்கம் போனில் ஆத்தே அழுதுகொண்டிருந்தார். மெரால்கோவின் கிறிஸ் நியூசம் பந்தை வாங்கி, திரும்பி, கையை நீட்டிய ஆளின் மேலாக எறிந்தார். 1.3 நொடி மிச்சம் இருக்கும்போது அது உள்ளே போனது. 80-78, கோப்பை மெரால்கோவுக்கு.

கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி ஆத்தே அன்றைய வரியைப் படம் எடுத்து அனுப்பினார். நிமிடம், ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ எல்லாம் வழக்கம்போல் நிரப்பியிருந்தார். குறிப்பில் தோற்றது பற்றி ஒரு வார்த்தை இல்லை. பென்சிலை அழுத்தி எழுதியிருந்தார்: "வெளியிலிருந்து. போட்டான்."